தா. 90

பதினைந்து அங்குலம் என்று சொன்னால் பதினைந்து அங்குலம் இருக்க வேண்டுமா, வேண்டாமா? காந்திபுரத்தில் நரசிம்மலுவின் கம்ப்யூட்டர் கடையில் நின்றுகொண்டு தாஜுன்னிசா கேட்ட முதல் கேள்வி இதுதான். கையில் இஞ்ச் டேப். மானிட்டரின் கண்ணாடியைக் குறுக்கே அளந்தால் பதினொன்றுதான் வந்தது. துணி விற்கிறவன் இப்படி நாலு அங்குலத்தை முழுங்கிவிட்டு கோயமுத்தூரில் கடை நடத்த முடியுமா? நரசிம்மலு நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. டிவி மாதிரி இதையும் மூலைக்கு மூலைதான் அளப்பார்கள் என்றார். சரி என்று மூலைக்கு மூலை அளந்தாள். அப்போதும் பதினாலுக்குக் கொஞ்சம் குறைச்சல். மீதி எங்கே என்று கேட்டாள். மீதி பிளாஸ்டிக் சட்டத்துக்கு உள்ளே ஒளிந்திருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாத துணிக்கும் சேர்த்துக் காசு வாங்குகிற வியாபாரத்தை அவள் அன்றுதான் பார்த்தாள்.

“அக்கா, டேப்ப உள்ள வை. எல்லாரும் பாக்கறாங்க” என்று அர்ஷத் பல்லைக் கடித்தான். அந்தக் கடையில் மெஷின் பூட்டிக் கொடுக்கிற வேலை அவனுக்கு. அவளுக்கு ஒரே தம்பி.

அவன் அவளை ‘வை’, ‘வா’, ‘போ’ என்றுதான் பேசுவான், அவளும் அப்படித்தான். இதைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் பிச்சை கேட்டு வருகிறவருக்கும் ‘ங்க’ போட்டுத்தான் இல்லை என்பார்கள். அவள் பெற்ற பிள்ளைகள்கூட அவளிடம் பாதி நேரம் ‘ங்க’ போட்டுத்தான் பேசின. அக்காளுக்கும் தம்பிக்கும் நடுவில் மட்டும் அந்த ‘ங்க’ கிடையாது. அம்மா போய்ச் சேர்ந்தபோது அர்ஷத்துக்கு எட்டு வயது, இவளுக்குப் பதினெட்டு. அத்தா அதற்கு முன்பே போய்விட்டார். அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, படிக்கவைத்து, கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்த்து, எல்லாம் இவள்தான். எல்லாம் கிராப் பேப்பரில் போட்ட கட்டங்களில் வந்த காசு.

அவள் தொழில் அதுதான். சேலை பார்டருக்கு டிசைன் போடுவது. மாங்காயோ கொடியோ எதுவானாலும் கிராப் பேப்பரில் கட்டம் கட்டமாகக் கறுப்பு அடைக்க வேண்டும். ஒரு கட்டம் என்பது தறியில் ஒரு இழை. கறுப்பு அடைத்தால் இழை மேலே வரும், விட்டால் கீழே போகும். அவள் போட்ட கிராப்பைப் பார்த்து அட்டை குத்துவார்கள், அட்டையைப் பார்த்துத் தறி நெய்யும். ஒரு கட்டம் தப்பினால் தப்பு சேலைக்குச் சேலை வந்துகொண்டே இருக்கும். பதினாறு வருஷத்தில் அவள் கட்டம் தப்பியதில்லை. கருமத்தம்பட்டியில் நாற்பது தறி போட்டிருக்கிற நஞ்சப்பன், தாஜுன்னிசாவின் கிராப் என்றால் சரிபார்க்காமலே அட்டை குத்த அனுப்பிவிடுவார்.

அந்த நஞ்சப்பன்தான் தொண்ணூற்றேழு சித்திரையில் வந்து, இனிமேல் பேப்பர் வேண்டாம் என்றார். ஈரோட்டில் அட்டை குத்துகிறவர் புது மெஷின் வாங்கிவிட்டாராம். கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு பிளாப்பியில் கொடுத்தால் அரை நாளில் குத்திவிடுமாம். பேப்பரில் கொடுத்தால் பதினைந்து நாள், அதுவும் எடுத்துக்கொள்வதே சந்தேகம். தீபாவளிக்குள் பிளாப்பிக்கு மாறினால் வருஷத்துக்கான பார்டர் பூராவும் அவளுக்கே, மாறாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று ‘ங்க’ மேல் ‘ங்க’ போட்டுச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத்தான் அவள் தொழிலில் முக்கால்வாசி போகிறது. அது போனால் அவள் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அர்ஷத் இரண்டு மாதம் ராத்திரி வந்து சொல்லிக்கொடுத்தான். கடையிலிருந்து ஒரு பழைய மெஷினைக் கொண்டுவந்து வைத்தே கற்றுக்கொடுத்தான். அவளுக்கு அது வராமல் இருக்குமா? கட்டம் கட்டம்தானே. சொந்தமாக மெஷின் வாங்க சேர்த்து வைத்ததெல்லாம் நாற்பத்தைந்தாயிரம். பெட்டியும் கீபோர்டும் மற்றதும் முப்பத்திரண்டு ஆகும். மீதி பதிமூன்றில் மானிட்டர் முடிய வேண்டும்.

கடையில் மூன்று அளவு இருந்தது. பதினாலு அங்குலம் மலிவு, ஆனால் தெளிவாக வேண்டுமானால் குறுக்கே அறுநூற்று நாற்பது புள்ளிதான் வைக்கலாம். அவளுடைய பார்டருக்குக் குறுக்கே தொள்ளாயிரத்து அறுபது கட்டம். மாங்காயின் தலையைப் பார்த்தால் காம்பு தெரியாது, காம்பைப் பார்த்தால் தலை ஓடிவிடும். பதினேழு அங்குலம் ஒய்யாரமாக இருந்தது, அதன் விலையில் இன்னொரு கம்ப்யூட்டரே வாங்கலாம். அவள் அதன் பக்கம் இரண்டாவது தடவை திரும்பவில்லை. மிஞ்சியது பதினைந்து. அதில் ஆயிரத்து இருபத்துநாலு வைக்கலாம், முழு பார்டரும் ஒரே பார்வையில் தெரியும் என்றார் நரசிம்மலு.

ஆனால் பதினைந்திலேயே இரண்டு இருந்தது. ஒரே கம்பெனி, ஒரே உடம்பு, ஒரே நிறம். ஒன்று ஒன்பதாயிரம், பழைய ஸ்டாக். இன்னொன்று பதிமூன்றரை. என்ன வித்தியாசம் என்றால், பழையதில் புள்ளி இடைவெளி பாயிண்ட் முப்பத்தொன்பது, மற்றதில் பாயிண்ட் இருபத்தெட்டு என்றான் அர்ஷத். கேட்டவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பையிலிருந்து பிக் கிளாஸை எடுத்தாள். துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவதற்கான மடக்குக் கண்ணாடி, அடியில் சரியாக ஓர் அங்குலத்துக்குச் சதுரம் வெட்டியிருக்கும். அதை மானிட்டரின் மேல் ஒட்டிவைத்து, ஒரு கண்ணை மூடி, ஊசிமுனையால் எண்ண ஆரம்பித்தாள். கடைக்கு வந்த கல்லூரிப் பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பழைய ஸ்டாக்கில் அறுபத்தைந்து புள்ளி. மற்றதில் தொண்ணூறு.

அங்குலத்துக்குத் தொண்ணூறு என்றால் பதினொன்றுக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு, அவள் பார்டர் அடங்கும். அறுபத்தைந்து என்றால் எழுநூற்றுச் சொச்சம். அதிலும் ஆயிரத்து இருபத்துநாலு வைக்கலாம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. வைக்கலாம், எழுநூறு இலை போட்ட பந்தியில் ஆயிரம் பேரை உட்காரவைக்கிற மாதிரி. நூலில் நம்பர் ஏற ஏற சன்னம். இங்கே நம்பர் இறங்க இறங்க சன்னம். எல்லாமே தலைகீழ் என்று அவள் சொல்ல, நரசிம்மலு அந்தக் கண்ணாடியை வாங்கித் தானும் எண்ணிப் பார்த்தார். பத்து வருஷமாக விற்கிறேன், இதைக் கண்ணால் பார்த்ததில்லை அம்மணி என்றார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கரை வேண்டாம் என்று தள்ளி, அந்த ஐந்நூறை மானிட்டருக்குத் திருப்பி, பதிமூன்றரையை முடித்தாள். முடித்ததும் துணிக்காரர்கள் செய்கிறதைச் செய்தாள். எண்ணிப் பார்த்து எடுத்த பீஸின் ஓரத்தில் பென்சிலால் பெயரின் முதல் எழுத்தும் எண்ணிக்கையும் போட்டால் அது அவர்களுடையது, பிறகு மாற்ற முடியாது. மானிட்டரின் இடது பக்கவாட்டில், கிராப் பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினாள்: தா. 90.

மூன்றாம் நாள் அர்ஷத் எல்லாவற்றையும் ஆட்டோவில் கொண்டுவந்து கோட்டைமேட்டு வீட்டில் பூட்டிக் கொடுத்தான். மானிட்டரில் பென்சில் எழுத்து இல்லை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், அழுக்காக இருந்தது என்றான். புது மானிட்டரில் என்ன அழுக்கு? கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. அவள் புருஷன் கரீம், டவுன்ஹாலில் பை தைத்து விற்கிறவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், அந்தக் கண்ணாடியை வைத்து ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிடேன் என்றார். அவளுக்கு வந்ததே கோபம்.

“என் தம்பி கொண்டாந்ததை நான் எண்ணிப் பாக்கறதா? அவன என்ன திருடன்னு நெனச்சீங்களா?”

மற்றவன் கொண்டுவந்தால் எண்ணலாம். எண்ணித்தான் ஆக வேண்டும், அதில் யாருக்கும் வருத்தமில்லை. வீட்டு ஆள் கொண்டுவந்ததை எண்ணினால், அவன் முகத்தில் காறித் துப்பின மாதிரி. அர்ஷத் குனிந்து ஒயரைச் சொருகிக்கொண்டே இருந்தான், நிமிரவில்லை. கரீம் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கடையில் பளிச்சென்று நின்ற கட்டங்கள் வீட்டில் கொழகொழவென்று இருந்தன. கோடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஓரமெல்லாம் லேசாக நடுங்கியது. வீட்டுக் கரண்ட் சரியில்லை என்றான் அர்ஷத். ஸ்டெபிலைசர் வாங்கிப் போட்டாள். அப்படியே இருந்தது. ஒரு மாதத்தில் தலைவலி பிடித்துக்கொண்டது. நெற்றிப்பொட்டில் ஆணி இறக்கின மாதிரி வலி. மறுபடி தம்பியைக் கூப்பிட்டாள். அவன் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, திரையை உற்றுப் பார்த்தான்.

“மானிட்டர் நல்லாத்தான் இருக்குது அக்கா. உனக்குக் கண்ணுதான் கெட்டுப்போச்சு. வயசாகுதில்ல.”

அவளுக்கு முப்பத்தைந்து. பதினாறு வருஷம் அந்தக் கண்ணை வைத்துத்தான் அவனுக்குச் சோறு போட்டாள். ஆனாலும் நம்பினாள். தம்பி சொன்னால் நம்பாமல்? கண்ணாடிக் கடையில் போய் மெஷினில் தாடையை வைத்துக் காட்டினாள். பெரிதாகப் பவர் ஒன்றும் இல்லை, வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள் என்றான் கடைக்காரன். அவள் வேண்டும் என்றாள். வேறு வழி தெரியவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தால் கொழகொழப்பு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். கண் போய்விட்டதே என்று தனியாக உட்கார்ந்து அழுதாள். கட்டம் போடுகிறவளுக்குக் கண் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

அப்படித்தான் முதல் பார்டரை பிளாப்பியில் போட்டு நஞ்சப்பனுக்கு அனுப்பினாள். மாங்காய்க் கொடி, பெரிய காம்பு. மூன்று தடவை சரிபார்த்தாள். பன்னிரண்டாம் நாள் தறியிலிருந்து ஒரு சேலையை மடித்துக் கொடுத்தனுப்பினார் நஞ்சப்பன். ஒவ்வொரு மாங்காயிலும் காம்பு ஒரு இடத்தில் அறுந்திருந்தது. ஒரு கட்டம். எண்பது சேலையிலும் அதே இடத்தில். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்கப்புறம் ஆள் அனுப்பவும் இல்லை, பார்டர் கேட்கவும் இல்லை. ஒரு மாதம் பார்த்தாள், இரண்டு மாதம் பார்த்தாள். அர்ஷத்தும் வீட்டுப் பக்கம் வருவது குறைந்து போனது. கேட்டால் கடையில் வேலை அதிகம் என்றான்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, தானே போய்க் கேட்டுவிடுவது என்று பஸ் ஏறினாள். கருமத்தம்பட்டியில் இறங்கி, தறிச் சத்தத்துக்கு நடுவே நஞ்சப்பனின் குடோனுக்குப் போனபோது மணி பதினொன்று. அவர் எழுந்து நாற்காலி போட்டு, மோர் வரவழைத்துக் கொடுத்தார். அவள், அந்த ஒரு கட்டத்துக்கு மன்னிப்புக் கேட்டு, இன்னொரு தடவை வாய்ப்புக் கொடுங்கள் என்றாள். நஞ்சப்பன் விழித்தார்.

“ஏனுங்க அம்மணி, தெரியாத மாதிரி கேக்கறீங்க? இப்ப உங்க தம்பிதானுங்களே போட்டுத் தர்றாப்ல. அக்காளுக்குக் கண்ணு போயிருச்சு, இனி நானே பாத்துக்கறேன்னாப்ல. ஒரே ஊட்டு ஆளுக, யாரு போட்டா என்னன்னு நானும் உட்டுப்போட்டனுங்க.”

அவள் மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். எங்கே போட்டுத் தருகிறான் என்று கேட்டாள். இரண்டாவது சந்தில், டீக்கடை மாடியில், கம்ப்யூட்டர் சென்டர் வைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதே என்றார் அவர். நரசிம்மலு கடையை விட்டு நின்றதே அவளுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டான். கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, அவள் அடுப்பிலிருந்தே கொள்ளி எடுத்துப் போயிருக்கிறான். ஆனாலும் அந்த டீக்கடை மாடிக்குப் படியேறும்போது மனசு அவனுக்காக ஒரு சமாதானத்தைத் தேடிக்கொண்டேதான் இருந்தது. அக்காளால் முடியவில்லை, வேலை வெளியே போய்விடக் கூடாது என்று எடுத்திருப்பான். அப்படித்தான் இருக்கும். வளர்த்த பாவம் அப்படி யோசிக்க வைத்தது.

வாசலில் நின்றாள். படியேறிய வேர்வையில் மூக்குக்கண்ணாடி மங்கியிருந்தது, கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே உள்ளே பார்த்தாள். ஜன்னலோரம் மேஜை. மேஜையில் ஒரு மானிட்டர், இடது பக்கம் வாசலைப் பார்த்து. பழுப்புப் பிளாஸ்டிக்கில் பென்சில் எழுத்து. பத்தடி தூரத்தில் இருந்து, கண்ணாடி இல்லாத கண்ணால், அவள் படித்தாள்.

தா. 90.

அவளுடைய ‘தா’. காலை இழுத்துச் சுழிக்கிற அவளுடைய கையெழுத்து. அவள் நாக்கில் தொட்டு எழுதியது. துடைக்கக்கூட இல்லை. அக்காள் இவ்வளவு தூரம் வரப்போகிறாளா என்று நினைத்திருப்பான்.

அப்படியானால் வீட்டில் இருப்பது பழைய ஸ்டாக். அந்த அறுபத்தைந்து. தலைவலி, ஸ்டெபிலைசர், கண்ணாடி, அழுத அழுகை, எண்பது சேலை, எல்லாம் அந்த அறுபத்தைந்து. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, மனசாரத் தெரிந்துகொண்டே, உனக்குக் கண் கெட்டுப்போச்சு என்றானே. மானிட்டரை எடுத்ததைக்கூட விட்டுவிடலாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள், அவளா கொடுக்கமாட்டாள்? அந்தக் கண்ணைச் சொன்னானே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

உள்ளே தறிக்காரர்கள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அர்ஷத் தலையைத் தூக்கினான். முகம் ஒரு நொடி வெளுத்தது. அப்புறம் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு எழுந்தான்.

“வாங்க, வாங்க. உக்காருங்க” என்றான். வந்திருந்தவர்கள் பக்கம் திரும்பி, “முந்தி நல்லா கிராப் போட்டுட்டு இருந்தவங்கங்க. இப்பக் கண்ணு முடியறதில்லீங்க” என்றான்.

அக்கா என்று சொல்லவில்லை. வாங்க என்றான். அவள் ஊட்டிய சோற்றைத் தின்ற வாயிலிருந்து, இருபத்தைந்து வருஷத்தில் முதல் ‘ங்க’. அந்த இரண்டு எழுத்தில் அவளைத் தூக்கி, கடைக்கு வந்த யாரோ ஒரு பொம்பளையாக நாற்காலியில் வைத்துவிட்டான்.

அவள் உட்காரவில்லை. மேஜையைச் சுற்றி வந்து திரையைப் பார்த்தாள். அவளுடைய பார்டர்தான் இருந்தது. மாங்காய்க் கொடி. அதைச் சரிசெய்து திரும்ப அட்டை குத்த நஞ்சப்பன் இவனிடம் கொடுத்திருக்கிறார். தொள்ளாயிரத்து அறுபது கட்டமும், ஒன்றுகூட ஒட்டாமல், ஒன்றுகூட நடுங்காமல், கிராப் பேப்பரில் போட்ட மாதிரி நின்றது. தான் போட்டது இவ்வளவு அழகு என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. பையிலிருந்த பிக் கிளாஸும் வேண்டாம், மூக்குக்கண்ணாடியும் வேண்டாம். காம்பில் விட்டுப்போன அந்த ஒரு கட்டம் தானாகவே வந்து கண்ணில் குத்தியது.

“காம்புல, கீழிருந்து பதினாலாவது வரி, ஒரு கட்டம் உட்டுப்போச்சுங்க” என்றாள். “கறுப்பு வெச்சுருங்க.”

அர்ஷத்தின் கை மவுஸின் மேலேயே நின்றது.

“நாளைக்கு வண்டி அனுப்பறேனுங்க. நான் எண்ணி எழுதி வெச்ச மானிட்டரு, அதக் குடுத்தனுப்புங்க. உங்களோடது ஊட்ல பத்திரமா இருக்குதுங்க.”

குரல் உயரவில்லை. தறிக்காரர்களுக்கு இதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை, மரியாதையான அம்மா என்று நினைத்திருப்பார்கள். அவனுக்கு மட்டும் காது வரை சிவந்துவிட்டது. அவள் கையிலிருந்த மூக்குக்கண்ணாடியைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள்.

நாலு படி இறங்கியிருப்பாள். அவன் பின்னாலேயே ஓடி வந்தான். மேலே இருப்பவர்களுக்குக் கேட்காமல், சின்ன வயசில் உடம்பு சுடும்போது கூப்பிடுவானே, அந்தக் குரலில் கூப்பிட்டான்.

“அக்கா. போகாத அக்கா. உனக்கு ஊட்ல அது போதும்னு நெனச்சுட்டேன்.”

தாஜுன்னிசா நின்றாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள், நன்றாகவே தெரிந்தான்.

“சொல்லுங்க” என்றாள்.